அத்தியாயம் 6: சன்னது கடல் தாண்டாது, கைப்பழக்கம் தாண்டும்

மருத்துவம், கணினி, கணக்கு என்று எந்தப் படிப்பை எடுத்தாலும் நாடு மாறும்போது ஓரளவுதான் மாறும். சட்டம் அப்படியல்ல. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பல வருடம் ரிட் மனு நடத்திய வழக்கறிஞரும், கொழும்பு புதுக்கடையில் பெயர் எடுத்த சட்டத்தரணியும் டொராண்டோவில் இறங்கும் நாளில் பொதுமக்களில் ஒருவர்தான். அங்கே ஒருவருக்காக ஒரு நோட்டீஸ்கூட அனுப்ப அவர்களுக்கு உரிமம் கிடையாது.

புறப்படுமுன் இது தெரிந்திருந்தால் திட்டம் போடலாம். போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் முதல் இரண்டு வருடம் அதிர்ச்சியிலேயே போய்விடும். நல்ல வழக்கறிஞர்கள் பலர் அந்த இரண்டு வருடத்தில்தான் தன்னம்பிக்கையை இழக்கிறார்கள். அதைத் தடுப்பதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சொல்ல வருவது இதுதான்: உங்கள் தொழிலில் உரிமம் என்பது ஒரு பகுதி, நீங்கள் தினமும் செய்த வேலை இன்னொரு பகுதி. முதலாவதை நாடு பறித்துக்கொள்ளும். இரண்டாவதைப் பறிக்க முடியாது. ஆகவே “நான் வழக்கறிஞர், எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்காதீர்கள். “நான் தினமும் என்னென்ன செய்தேன், அதற்கு அங்கே யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?” என்று கேளுங்கள்.

கனடாவில் தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தை வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன். வழக்கறிஞர் உரிமம் கனடாவில் மாகாண விவகாரம். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டிருக்கும்; நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அமைப்பின் தளத்தில் இருப்பதே இறுதி.

முதலில் தீர்க்கவேண்டிய மூன்று குழப்பங்கள்

ஒன்று: குடியேற்றத்துக்கான படிப்பு மதிப்பீடு வேறு, வழக்கறிஞர் ஆவதற்கான மதிப்பீடு வேறு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காக வெஸ் போன்ற நிறுவனத்திடம் வாங்கும் இ.சி.ஏ. அறிக்கை, உங்கள் பி.எல். பட்டம் கனடியப் பட்டம் ஒன்றுக்குச் சமம் என்று சொல்லும். அது புள்ளி கிடைக்க உதவும், அவ்வளவுதான். வழக்கறிஞர் ஆவதற்கான மதிப்பீட்டைச் செய்வது கனடிய சட்டச் சங்கங்களின் கூட்டமைப்புக்குக் கீழ் இயங்கும் என்.சி.ஏ. என்ற தேசிய அங்கீகாரக் குழு. முதல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு “என் பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்” என்று நம்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டு: வழக்கறிஞராகக் கனடியக் குடியுரிமை தேவையில்லை. ஒருகாலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த நிபந்தனை இருந்தது. நிரந்தர வதிவிடம் பெற்ற பிரிட்டிஷ்காரரான மார்க் ஆண்ட்ரூஸ் என்ற வழக்கறிஞர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும் குடியுரிமை இல்லை என்பதற்காக மட்டும் அவரைத் தள்ளினார்கள். 1989-இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை கனடிய உரிமைச் சாசனத்தின் 15-ஆம் பிரிவு தரும் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவின் கீழ் அந்த நீதிமன்றம் தீர்த்த முதல் வழக்கே அதுதான். குடியேறிய வழக்கறிஞர் ஒருவர் திறந்துவிட்ட கதவு அது என்பதை மனதில் வையுங்கள்.

மூன்று: என்.சி.ஏ. சான்றிதழ் கியூபெக்குக்குச் செல்லாது. கியூபெக்கின் சிவில் சட்டம் பிரெஞ்சு மரபில் வந்தது. அங்கே வழி தனி. மொன்ட்ரியாலில் உறவினர் இருக்கிறார் என்பதற்காக அங்கே குடியேற நினைக்கும் வழக்கறிஞர்கள் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

மறுபடியும் வழக்கறிஞராவது: வழி எப்படி இருக்கிறது?

முதல் கட்டம் என்.சி.ஏ. நீங்கள் எங்கே, எத்தனை வருடம், எந்த முறையில் படித்தீர்கள், என்ன மதிப்பெண், எவ்வளவு காலம் தொழில் செய்தீர்கள் என்று பார்த்து, எழுதவேண்டிய பாடங்களைச் சொல்வார்கள். ஐந்து பாடங்கள் வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பொதுவாக விதிக்கப்படுபவை: கனடிய அரசியலமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில்நெறி. ஒப்பந்தம், தீங்கியல், சொத்து போன்றவை அவரவர் மதிப்பெண் பட்டியலைப் பொறுத்துச் சேரும். இவை தவிர சட்ட ஆய்வும் எழுத்தும் என்ற பயிற்சி ஒன்றும் உண்டு. தேர்வு மூன்று மணி நேரம், இணைய வழி, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், 50 மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. ஊரிலிருந்தபடியே எழுதலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் இரண்டு மூன்று பாடங்களை முடித்துவிட்டுப் போகிறவர், இறங்கியபின் வாடகையும் படிப்பும் சேர்ந்து நெரிக்கும் காலத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

புத்தகம் திறந்திருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடக்கூடாது. அங்கே கேட்பது பிரிவு எண்ணை அல்ல. ஒரு பக்க அளவு சம்பவத்தைக் கொடுத்து, பிரச்சினை எது, விதி எது, அது இந்தச் சம்பவத்துக்கு எப்படிப் பொருந்தும், முடிவு என்ன என்று கேட்பார்கள். நம்மூர் சட்டக் கல்லூரியில் “விவரி”, “விளக்குக” என்று எழுதிப் பழகிய கை இங்கே தடுமாறும். பாடத்தைவிட இந்த எழுத்து முறைக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் படித்தவருக்குச் சில பாடங்கள் பழகிய தெரு. கார்லில் வழக்கும், டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சனும் அங்கேயும் அடிப்படைதான். இந்திய அரசியலமைப்பின் 226-ஆம் சரத்தின் கீழ் ரிட் நடத்தியவருக்கு நிர்வாகச் சட்டத்தின் தர்க்கம் புரியும். ஆனால் நீதிமன்றம் ஓர் அதிகாரியின் முடிவை எந்த அளவுகோலால் பார்க்கவேண்டும் என்பதை 2019-இன் வாவிலோவ் தீர்ப்பிலிருந்து புதிதாகப் படிக்கவேண்டும். உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நியாயமானதா என்று அளக்கும் 1986-இன் ஓக்ஸ் தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளில் எடுத்தாண்டிருக்கிறது.

இலங்கைச் சட்டத்தரணிக்கு நிலைமை வேறு. சாட்சியச் சட்டமும் வணிகச் சட்டமும் ஆங்கிலேய மரபிலேயே இருப்பதால் கைகொடுக்கும். ஆனால் ஒப்பந்தமும் தீங்கும் ரோமன்-டச்சு மரபில் படித்தவை. கைம்மாறு இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்ற ஆங்கிலேய விதியை அவர் அங்கே முதலிலிருந்து பழகவேண்டும். பல்கலைக்கழகப் பட்டமும் சட்டக் கல்லூரித் தேர்ச்சியும் இரண்டும் இருந்தால் இரண்டின் ஆவணங்களையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

தனியே படித்துத் தேர்வெழுத முடியாதவர்கள் ஆஸ்குட் ஹால், டொராண்டோ பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் போன்றவற்றில் இதற்கென்றே இருக்கும் எல்.எல்.எம். படிப்பில் சேர்ந்து அந்தப் பாடங்களை முடிக்கலாம். செலவு பல மடங்கு. ஆனால் வகுப்புத் தோழர்களும் பேராசிரியர்களின் அறிமுகமும் கிடைக்கும். யாரையும் தெரியாத ஊரில் அதற்கு விலை உண்டு.

இரண்டாம் கட்டம் ஒன்டாரியோ சட்டச் சங்கம். பாரிஸ்டர், சொலிசிட்டர் என்று இரண்டு உரிமத் தேர்வுகள், பிறகு செய்முறைப் பயிற்சி. ஒரு வழக்கறிஞரிடம் மாதக்கணக்கில் ஆர்ட்டிக்ளிங் செய்யலாம். அல்லது டொராண்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம் நடத்தும் எல்.பி.பி. திட்டத்தில் நான்கு மாதப் பயிற்சியும் நான்கு மாத வேலையும் செய்யலாம். பொதுச்சட்ட நாடொன்றில் ஏற்கெனவே தொழில் செய்த அனுபவம் இருந்தால் இந்தப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்கலாம். விலக்குக் கிடைத்தாலும் உள்ளூர் அனுபவம் இல்லாமல் வேலை தேடுவது கடினம். ஆகவே 10 வருட சீனியரும் ஒரு அலுவலகத்தில் சில மாதம் ஜூனியராக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. நம்மூரில் சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கற்றதுபோல, எந்த நீதிபதி எதை எதிர்பார்ப்பார், எந்த அலுவலரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எல்லாம் சேர்த்து, குடும்பத்தையும் வேலையையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு மூன்று நான்கு வருடம் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். செலவு பல ஆயிரம் டாலர். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் மறுபடி உரிமம் பெறுவதற்கென்றே கடன் தரும் விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற அறநிறுவனம் கனடாவில் இருக்கிறது. கிரெடிட் கார்டைத் தொடுமுன் அதை விசாரியுங்கள்.

இடைநிலை உரிமங்கள்

முழு வழக்கறிஞர் உரிமத்துக்கும் சாதாரண வேலைக்கும் இடையில் மூன்று உரிமங்கள் இருக்கின்றன. தமிழ் வழக்கறிஞர்கள் இவற்றை இரண்டாம்தரம் என்று ஒதுக்குவது பெரும் நஷ்டம்.

முதலாவது பாராலீகல். நம்மூர் வக்கீல் குமாஸ்தாவை மனதில் வைத்து இதை எடைபோடாதீர்கள். ஒன்டாரியோவில் 2007-இலிருந்து பாராலீகல்களுக்குச் சட்டச் சங்கமே உரிமம் தருகிறது. அவர்கள் சொந்த அலுவலகம் வைத்து, கட்சிக்காரரை நேரடியாக எடுத்து, சிறுதொகை நீதிமன்றத்தில் எழுந்து வாதாடலாம். அந்த நீதிமன்றத்தின் வரம்பு 2025 அக்டோபரிலிருந்து 50,000 டாலர். வீட்டுக்காரர்-வாடகைதாரர் வாரியம், போக்குவரத்துக் குற்றங்கள், விபத்துப் பயன் தகராறுகள், குடியேற்ற-அகதி வாரியம் எல்லாம் அவர்கள் வரம்பில் வரும். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் படிப்பு, 120 மணி நேரக் களப்பயிற்சி, உரிமத் தேர்வு ஆகியவை தேவை. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. நீதிமன்றத்தில் நிற்பதுதான் உங்கள் உயிர் என்றால், மிகச் சீக்கிரம் அங்கே போய் நிற்க இதுவே வழி.

இரண்டாவது குடியேற்ற ஆலோசகர். 2021-இல் தொடங்கிய குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி இதை ஒழுங்குபடுத்துகிறது. குவீன்ஸ் பல்கலைக்கழகத்திலோ, பிரெஞ்சில் மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்திலோ பட்டயம் முடித்து நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். தமிழ் பேசத் தெரிந்த, சட்ட அறிவும் நேர்மையும் உள்ள ஆலோசகருக்குத் தேவை பெரிது.

மூன்றாவது வெளிநாட்டுச் சட்ட ஆலோசகர் அனுமதி. இதை வைத்துக்கொண்டு உங்கள் சொந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்டாரியோவில் ஆலோசனை சொல்லலாம். ஸ்கார்பரோவில் இருப்பவருக்குத் திருநெல்வேலியில் பூர்வீகச் சொத்து, மார்க்கமில் இருப்பவருக்கு யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட காணி. இதைப் புரிந்தவர் அங்கே எத்தனை பேர்? இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம் என்றாலும், வேறு வேலைக்குத் துணையாக வைத்துக்கொள்ள ஏற்றது.

உரிமம் கேட்காத வேலைகள்: உங்கள் வழக்குகளிலிருந்து தேடுங்கள்

வேலை மாற நினைக்கும் வழக்கறிஞர்கள் வழக்கமாக வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தங்களை அதில் பொருத்தப் பார்ப்பார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். கடைசியாக நடத்திய 20 கட்டுகளை மனதில் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் கையால் செய்த வேலையை எழுதுங்கள்.

மோட்டார் விபத்து வழக்கு நடத்தியவரை எடுத்துக்கொள்வோம். அவர் மனு எழுதியது மட்டுமா செய்தார்? முதல் தகவல் அறிக்கையும் வாகன ஆய்வாளர் அறிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு முறிவு எங்கே, ஊனச் சான்றில் எத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டார். வருமானத்துக்கு எந்த ஆவணம் நிற்கும் என்று யோசித்து, 2009-இன் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள பெருக்கி அட்டவணையை வைத்து இழப்பீட்டைக் கணக்கிட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரியோடு லோக் அதாலத்தில் உட்கார்ந்து தொகையைப் பேசி முடித்தார். ஒன்டாரியோவில் இதே வேலையைச் செய்கிறவர் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம்ஸ் அட்ஜஸ்டர். சட்டம் வேறு: அங்கே யார் மீது தவறு என்று பார்க்காமலே கிடைக்கும் விபத்துப் பயன்கள் உண்டு, அவை பற்றிய தகராறு 2016-இலிருந்து லைசென்ஸ் அப்பீல் டிரிபியூனலுக்குப் போகிறது. ஆனால் மருத்துவக் காகிதத்தைப் படிக்கும் கண்ணும் பேரம் பேசும் நிதானமும் அதே. காப்பீட்டு நிறுவனத்தில் ஊழியராகச் சேரும் அட்ஜஸ்டருக்கு உரிமம் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்தும் சி.ஐ.பி. பாடங்களில் ஓரிரண்டை முடித்திருந்தால் கதவு எளிதில் திறக்கும்.

சொத்து வழக்கும் பத்திரப் பதிவும் பார்த்தவருக்கு வேறு வாசல். வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரங்களையும் 30 வருடத்துக்குப் புரட்டி, பட்டா யார் பேரில், பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாத தங்கை யார் என்று தோண்டிப் பழகியவர் அவர். ஒன்டாரியோவில் நிலப் பதிவு பெரும்பாலும் உரிமையையே அரசு உறுதிசெய்யும் முறையில், டெராவியூ என்ற மின்தளத்தில் நடக்கிறது. ஆகவே தோண்டும் வேலை குறைவு. நாள் தவறாமல் அடமானம், வரி, காப்பீடு, பணம் கைமாறுவது எல்லாவற்றையும் ஒரே தேதியில் முடித்துவைக்கும் வேலை அதிகம். வழக்கறிஞரின் மேற்பார்வையில் இதைச் செய்கிறவர் ரியல் எஸ்டேட் லா கிளார்க். இதற்குத் தனி உரிமம் வேண்டாம்; ஒன்டாரியோ லா கிளார்க் கழகத்தின் படிப்பு கைகொடுக்கும். இலங்கையில் நொத்தாரிசாக உறுதி எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஒன்டாரியோ நோட்டரியின் வேலை சத்தியம் வாங்குவது, நகலைச் சான்றளிப்பது போன்றவை. காணி மாற்றம் அங்கே வழக்கறிஞரின் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

• வங்கிகளுக்குப் பேனல் வழக்கறிஞராக இருந்தவர்: பணச்சலவைத் தடுப்பு, வாடிக்கையாளர் சரிபார்ப்பு, விதி இணக்கம். வங்கிகளும் பணமாற்று நிறுவனங்களும் ஃபின்ட்ராக் என்ற மத்திய அமைப்புக்கு அறிக்கை தரவேண்டியிருப்பதால் இந்த வேலைகள் எப்போதும் இருக்கும். காம்ஸ் சான்றிதழ் நல்ல நுழைவு.

• நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதியவர்: கான்ட்ராக்ட் மேலாண்மை, கொள்முதல், தனியுரிமை விதி இணக்கம்.

• தொழிலாளர் நீதிமன்றத்திலும் சமரச அதிகாரி முன்பும் நின்றவர்: மனிதவளத் துறையில் தொழிலுறவுப் பிரிவு, தொழிற்சங்க அலுவலகம்.

• குடும்பநல நீதிமன்றத்தில் பணியாற்றியவர்: சமரசம், பெண்கள் புகலிடங்கள், புதுக் குடியேறிகளுக்கான சேவை மையங்கள். மாமியார் வீட்டுப் பிரச்சினையைத் தமிழில் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் இங்கே அரிது.

• குற்றவியல் வழக்கு நடத்தியவர்: காப்பீட்டு மோசடி விசாரணை, ஒழுங்குமுறை அமைப்புகளின் புகார் விசாரணைப் பிரிவு.

• இரு மொழியிலும் தேர்ந்தவர்: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சட்டமா அதிபர் அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறவேண்டும். படித்துக்கொண்டே சம்பாதிக்கவும், ஒன்டாரியோ நீதிமன்றம் நடக்கும் விதத்தைக் கண்ணெதிரே பார்க்கவும் இதைவிட நல்ல வாய்ப்புக் குறைவு.

ரெசுமேயில் ஒரே ஒரு வரி

நம்மவர்கள் எழுதும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 12 வருடம் வழக்கறிஞர். சிவில், கிரிமினல், எம்.சி.ஓ.பி., ரிட் என எல்லா வழக்குகளும் நடத்திய அனுபவம்.” டொராண்டோவில் இதைப் படிக்கும் மனிதவள அதிகாரிக்கு எம்.சி.ஓ.பி. என்றால் என்னவென்று தெரியாது. “எல்லா வழக்குகளும்” என்பது அவருக்கு எதுவும் சொல்லாது.

அதையே இப்படி மாற்றுங்கள்: “வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளில் மருத்துவப் பதிவு, ஊனச் சான்று, வருமான ஆவணம் மூன்றையும் சரிபார்த்து இழப்பீட்டைக் கணக்கிட்டேன். மருத்துவச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தேன். காப்பீட்டு நிறுவனங்களோடு பேசி வழக்குகளைச் சமரசத்தில் முடித்தேன்.” இதில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, பொய்யும் இல்லை. செய்த வேலை மட்டும் வெளியே தெரிகிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புகைப்படம், வயது, திருமண நிலை, தந்தை பெயர் எதுவும் வேண்டாம்.

நேர்முகத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: “நீங்கள் வழக்கறிஞர் ஆயிற்றே, இந்த வேலையில் எவ்வளவு நாள் இருப்பீர்கள்?” இதற்கு மழுப்பாதீர்கள். இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதியை, ஊரில் அதைச் செய்த ஒரு வழக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். கட்சிக்காரர் பெயரைச் சொல்லவேண்டாம். ரகசியம் காக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சான்று.

எந்த நெருக்கடியிலும் செய்யக்கூடாதது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நீங்கள் வழக்கறிஞர் என்று தெரிந்ததும் உறவுகளும் கோயிலில் பழகியவர்களும் காகிதங்களோடு வருவார்கள். ஸ்பான்சர் விண்ணப்பம், உயில், வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம். வேலை கிடைக்காத அந்த மாதங்களில் இது மரியாதையாகவும் இருக்கும், கைச்செலவுக்கும் ஆகும். அங்கேதான் ஆபத்து.

ஒன்டாரியோவில் உரிமம் இல்லாமல் சட்டத் தொழில் செய்வதை மாகாணத்தின் சட்டச் சங்கச் சட்டம் தடைசெய்கிறது. குடியேற்ற விஷயத்தில் மத்திய சட்டத்தின் 91-ஆம் பிரிவு இன்னும் கடுமை: உரிமம் உள்ள வழக்கறிஞர், பாராலீகல், கியூபெக் நோட்டரி, பதிவு பெற்ற ஆலோசகர் தவிர வேறு யாரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பலன் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்லக்கூடாது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. “நான் காசு கேட்கவில்லை, அவர்களாகவே கவரில் வைத்துக் கொடுத்தார்கள்” என்பது எடுபடாது.

இதன் பின்விளைவு இன்னும் பெரிது. நாளை நீங்கள் சட்டச் சங்கத்தில் உரிமம் கேட்கும்போது உங்கள் நன்னடத்தையை அவர்கள் விசாரிப்பார்கள். உரிமம் இல்லாத நாளில் செய்த ஒரு காரியம், நான்கு வருடப் படிப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். உதவ மனம் இருந்தால் இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போங்கள். உரிமம் உள்ளவரின் எண்ணைக் கொடுங்கள். விசிட்டிங் கார்டில் வழக்கறிஞர் என்று அச்சடிக்காதீர்கள்.

புறப்படுமுன் முடிக்கவேண்டியவை

மதிப்பெண் சான்றுகள் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக என்.சி.ஏ.வுக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997-இல்தான் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கினார்களோ அங்கேயே போகவேண்டும். இதை டொராண்டோவிலிருந்து தொலைபேசியில் நடத்துவது மிகவும் சிரமம். ஊரில் இருக்கும்போது நேரில் போய் முடியுங்கள்.

பார் கவுன்சிலிடமிருந்து, அல்லது இலங்கை என்றால் உரிய அமைப்பிடமிருந்து, உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற நன்னிலைச் சான்றை வாங்குங்கள். இந்திய வழக்கறிஞர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49-ஆம் விதிப்படி தொழிலில் இருக்கும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் சேரக்கூடாது. ஆகவே புது வேலையில் சேருமுன் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதி வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவையுங்கள். பிறகு திரும்பிவர நினைத்தால் தடையில்லாமல் மீண்டும் தொடங்க அதுவே வழி.

நிலுவையில் இருக்கும் வழக்குகளைக் கட்சிக்காரரின் சம்மதத்தோடு வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். வக்காலத்து மாறியதற்கான காகிதத்தையும், கட்சிக்காரர் பணம் எதுவும் கையில் இல்லை என்பதற்கான கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த மூத்த வழக்கறிஞர்கள் இருவரிடம் எந்தெந்த வகை வழக்கு, எவ்வளவு காலம் என்று விவரமாகக் கடிதம் வாங்குங்கள். “நல்லவர், வல்லவர்” என்ற கடிதத்தால் பயனில்லை.

மனதையும் வீட்டையும் தயார்செய்வது

ஊரில் தெருவில் நடந்தால் “வக்கீல் சார்” என்றும் “வக்கீலம்மா” என்றும் கூப்பிட்ட குரல் அங்கே கேட்காது. அந்த இழப்பு உண்மையானது. அதை மறைத்துச் சிரித்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. வாழ்க்கைத் துணையிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்லாமல் நீங்களே சுமந்தால் அது வீட்டில் கோபமாக வெளிவரும். இருவரும் சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்: யார் முதலில் படிப்பது, யார் வீட்டை நடத்துவது, எத்தனை மாதம் கையில் இருக்கும் பணம் வரும். மனைவி வழக்கறிஞராகவும் கணவர் கணினித் துறையிலும் இருக்கும் வீடுகளில் மனைவியின் உரிமம் எப்போதும் “அடுத்த வருடம்” என்று தள்ளிப்போகிறது. அப்படித் தள்ளிப்போன வருடங்களைத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது. முதல் வருடக் கணக்கிலேயே அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள்

மறுபடி வழக்கறிஞராவதா, வேறு தொழிலுக்குப் போவதா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு மூன்று வருடம் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. ஆகவே இந்த மூன்று கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் எழுதுங்கள்.

நீதிமன்றத்தில் நின்று பேசுவதும் கட்சிக்காரருக்காகப் பொறுப்பேற்பதும் இல்லாமல் உங்களால் நிம்மதியாக இருக்க முடியுமா? முடியாது என்றால் என்.சி.ஏ. வழி, அல்லது பாராலீகல் வழி.

மூன்று நான்கு வருடம் வருமானம் குறைந்தாலும் வீடு தாங்குமா? தாங்காது என்றால் முதலில் உரிமம் கேட்காத வேலை. அதிலிருந்துகொண்டு வருடத்துக்கு இரண்டு பாடம். மெதுவாகப் போவதில் தவறில்லை, தேதி போட்டுப் போகவேண்டும்.

சட்டத் தொழிலில் உங்களுக்குப் பிடித்தது எது: வாதமா, ஆவணமா, பேரமா, மனிதர்களின் துயரத்தைத் தீர்ப்பதா? வாதம் தவிர மற்ற மூன்றுக்கும் வழக்கறிஞர் உரிமம் இல்லாத நல்ல வேலைகள் ஒன்டாரியோவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தோல்வியாகாது.

இறங்கிய ஆறாம் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று முடிவெடுங்கள். எடுத்த முடிவை வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்த நாளே அதற்கான முதல் கட்டணத்தைக் கட்டுங்கள் அல்லது முதல் விண்ணப்பத்தை அனுப்புங்கள். எந்தப் பக்கம் போனாலும், யார் தன் காகிதத்தை உங்களை நம்பிக் கொடுத்தாலும் அதை ஒழுங்காகப் படித்து, உண்மையைச் சொல்லி, நாள் தவறாமல் முடித்துக் கொடுப்பவர் என்ற பெயர் உங்களுக்குக் கிடைக்கவேண்டும். ஊரில் உங்களை நல்ல வழக்கறிஞராக்கியது அந்தப் பழக்கம்தான். அதற்கு எந்த நாட்டிலும் மறுதேர்வு கிடையாது.